இருபது விழுக்காடு யார் கணக்கு?

நம் மொழிக் கழகங்களில் கணினி என்று பேச்செடுத்தால் எழுத்துரு, விசைப்பலகை, கலைச்சொல் ஆகிய மூன்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. முரசு அஞ்சல் பிறந்த நாடு இது. 2001-இல் தமிழ் இணைய மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தியிருக்கிறோம். பெருமைதான். ஆனால் அந்த எழுத்துகளுக்கு அடியில் ஓடும் லினக்ஸ் கெர்னலின் நிரலை நம்மில் எத்தனை பேர் திறந்து படித்திருக்கிறோம்? இன்னொரு கலைச்சொல் பட்டியலைவிட அந்த வாசிப்புதான் இப்போது தேவை என்பது என் கட்சி.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினியை வைத்துப் படிக்கும் தம்பி தங்கைகள் இன்னும் இருக்கிறார்கள். நாலைந்து செயலிகளைத் திறந்தாலே அது திணறும். "புதுசா ஒன்னு வாங்கிடுங்க" என்பதுதான் கிடைக்கும் அறிவுரை. யார் பணத்தில்?

நினைவகம் நிரம்பும்போது, உடனடியாகத் தேவைப்படாத தரவைக் கெர்னல் வட்டுக்கு அனுப்புகிறது. இதுவே ஸ்வாப். வட்டு மெதுவானது என்பதால், அத்தரவைச் சுருக்கி நினைவகத்திலேயே ஒரு மூலையில் வைக்க ஸீஸ்வாப் என்ற பகுதி 2013-இல் 3.11 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அந்த மூலைக்கு ஓர் எல்லை உண்டு: மொத்த நினைவகத்தில் 20 விழுக்காடு. 4 ஜிபியில் அது ஏறக்குறைய 800 எம்பி. தரவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கினால் அதற்குள் 2.4 ஜிபி அடங்கிவிடும். (யூடிஎஃப்-8 வடிவத் தமிழ் உரை நன்றாகவே சுருங்கும். ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். அதில் முதல் பைட் எப்போதும் ஒன்றே.)

64 ஜிபி சேவையகத்துக்கும் அதே 20 விழுக்காடுதான். கணினி ஓடும்போதே மாற்றிக்கொள்ளக்கூடிய எண் இது; ஆனால் மாற்றலாம் என்று தெரிந்தவர்தானே மாற்றுவார்?

எல்லை தொட்டதும் என்ன நடக்கிறது என்பதே நிரலைச் சரிபார்ப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஒன்று வெளியேற, ஒன்று நுழைய, வாசலிலேயே தள்ளுமுள்ளு. அதற்காக 2020-இல் இரண்டாவது எண் ஒன்று வந்தது. மூலை நிரம்பிவிட்டால், எல்லையில் 90 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை புதிய தரவை ஏற்பதில்லை. 2022-இல் செயலிக் குழு ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை வைக்க வழி செய்தார்கள். 2024-இல், சுருக்கிய தரவு அங்கிருந்து வட்டுக்குப் போவதைத் தடுக்கும் அமைப்பு வந்தது. இப்படித் தடுப்பதும், ஸ்வாப் எல்லையைச் சுழியம் ஆக்குவதும் ஒன்றல்ல என்று கெர்னல் ஆவணமே எச்சரிக்கிறது. முதலாவதில் சுருக்கி வைக்க இடமுண்டு. இரண்டாவதில் அதுவும் இல்லை.

இத்தகைய நுண்ணிய வேறுபாட்டைப் பிடிப்பது தமிழ் படித்தவனுக்குப் புதிதா? சொல்லதிகார உரையில் சேனாவரையர் இளம்பூரணரை மறுக்கும் இடங்களைப் படித்தவர்களுக்கு இந்த வேலையின் சுவை உடனே பிடிபடும்.

"அதெல்லாம் பொறியியல் மாணவர் வேலை" என்பார்கள். சி மொழி தெரிய வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிரலை எழுதியவர் தம்மிடம் உள்ள கணினியில்தான் சோதிப்பார். நம்மிடம் உள்ளது வேறு கணினி. கெர்னலில் ஒரு மாற்றம் சேரும்போது எழுதியவர் பெயரோடு, சரிபார்த்தவர், சோதித்தவர் பெயர்களையும் தனித்தனி வரியாகப் பதிகிறார்கள். சோதித்தவர் வரிக்குக் கிள்ளானில் இருக்கும் அந்த 4 ஜிபி மடிக்கணினியே போதும்.