வெட்டப்பட்ட படமும் வளர்ந்த அச்சமும்

2014 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள வோகிஷா நகரில் 12 வயதுச் சிறுமியர் இருவர், தமது வகுப்புத் தோழியைக் காட்டுப் பகுதிக்கு அழைத்துச் சென்று 19 தடவைகள் கத்தியால் குத்தினர். குத்துண்ட சிறுமி பாதையோரம் வரை தவழ்ந்து வந்து, சைக்கிளில் சென்ற ஒருவரின் கண்ணில் பட்டதால் உயிர் தப்பினார். முகமற்ற, அளவுக்கு மீறி உயர்ந்த, கறுப்பு உடையணிந்த 'ஸ்லெண்டர் மேன்' எனும் உருவத்தைத் திருப்திப்படுத்தவே இவ்வாறு செய்ததாக அச்சிறுமியர் பொலிஸாரிடம் கூறினர். உளநோயைக் கருத்திற்கொண்ட நீதிமன்றம் இருவரையும் சிறைக்கன்றி உளநல மருத்துவ நிலையத்துக்கே அனுப்பியது.

அந்த உருவத்துக்குப் பழங்கதைப் பின்னணி ஏதும் கிடையாது. 2009 ஆம் ஆண்டு ஜூன் மாதம், சாதாரண புகைப்படங்களைக் கணினியில் மாற்றி அமானுஷ்யப் படங்களாக்கும் விளையாட்டுப் போட்டியொன்று அமெரிக்க இணையத்தளம் ஒன்றில் நடைபெற்றது. அதில் எரிக் நுட்சன் என்பவர் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களை முன்வைத்தார். சிறுவர்கள் நிற்கும் காட்சிகளின் பின்னணியில் ஒல்லியான நெடிய உருவம் ஒன்று தெரிந்தது. படங்களோடு அவர் நின்றுவிடவில்லை. அவை 1980களில் எடுக்கப்பட்டவை என்றும், ஒன்று நூலகத் தீயிலிருந்து மீட்கப்பட்டது என்றும், பிடித்தவர் காணாமற்போய்விட்டார் என்றும் கற்பனைக் குறிப்புகளை அடியில் எழுதினார். போட்டியில் பங்குபற்றிய அனைவருக்கும் அது கற்பனை என்பது தெரியும். ஐந்தாண்டுகளின் பின்னர் வோகிஷாவின் சிறுமியருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

இத்தகைய படங்களை ஆக்கும் முறை பற்றிச் சிறிது கூறவேண்டும். இதனைப் படத் 'திருத்தம்' என்பதே பொருந்தாது. படத்தைக் கெடுப்பதே இங்கு வேலை. வண்ணம் நீக்கப்படுகின்றது. பழைய படச்சுருளில் காணும் புள்ளிகள் சேர்க்கப்படுகின்றன. ஒட்டப்படும் உருவத்தின் விளிம்பு மங்கலாக்கப்பட்டு, அது மரத்துக்குப் பின்னால் பாதி மறைக்கப்படுகின்றது. தெளிவாகத் தெரிந்தால் பார்ப்பவர் ஆராயத் தொடங்குவார். தெளிவின்மையை அவர் தம் அச்சத்தாலேயே நிரப்பிக்கொள்வார். 1990 இல் போட்டோஷொப் மென்பொருள் வெளிவந்ததன் பின்னர் இது வீட்டுக் கணினியின் வேலையாகியது. எனினும் கலை பழையது. 1860களில் அமெரிக்காவின் வில்லியம் மம்லர், இறந்தோரின் ஆவி தெரிவதாகக் கூறிய படங்களை விற்றுப் பிழைத்தார். 1869 இல் நியூயோர்க்கில் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டபோது, ஆபிரகாம் லிங்கனின் ஆவியுடன் தாம் இருப்பதுபோன்று வேண்டுமென்றே செய்வித்த போலிப் படமொன்றைக் காட்டி பி.ரி.பார்னம் சாட்சியமளித்தார். ஆயினும் சான்று போதாதென மம்லர் விடுவிக்கப்பட்டார்.

'மோமோ' விவகாரம் இவையனைத்தையும்விட வியப்புக்குரியது. ஜப்பானியச் சிற்பியான கெய்சுகே ஐசோ, பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவி பற்றிய அந்நாட்டு நாட்டார் கதையை ஆதாரமாகக் கொண்டு, பறவைக் கால்களுடன் கூடிய பெண்ணுருவம் ஒன்றைச் செய்தார். 2016 இல் டோக்கியோவின் கலைக்கூடம் ஒன்றில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. பார்வையாளர் எடுத்த படத்தில் கால்களும் காட்சிக்கூடமும் வெட்டப்பட்டு, பிதுங்கிய கண்களும் அகன்ற வாயும் மாத்திரம் எஞ்சின. அந்த முகமே, சிறுவரைத் தற்கொலைக்குத் தூண்டும் மர்ம உருவம் என்ற கதையுடன் 2018 இல் நாடு நாடாகச் சென்றது. 2019 பெப்ரவரியில் வட அயர்லாந்துப் பொலிஸாரும் பிரித்தானியப் பாடசாலைகள் பலவும் பெற்றோரை எச்சரித்தனர். கதைக்கு ஆதாரம் எதுவுமில்லை என்று அந்நாட்டுச் சிறுவர் நல அமைப்புகள் கூறியபோது காலம் கடந்திருந்தது. எச்சரிக்கைச் செய்திகளில் பெரும்பாலானவை அந்த முகத்தையே தாங்கிச் சென்றதால், அதனை ஒருபோதும் கண்டிராத குழந்தைகளும் கண்டனர். இதில் பத்திரிகைகளின் பங்கு சிறிதன்று.

வெட்டுவதைவிட வேறெந்தக் கைவண்ணமும் தேவையில்லை என்பதை இலங்கை முஸ்லிம்கள் பெருவிலை கொடுத்து அறிந்தவர்கள். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கறியில் கிடந்த கட்டியொன்று மலட்டு மாத்திரை எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. சிங்களத்தில் போதிய பரிச்சயமற்ற காசாளர் சூழ்ந்து நின்றோருக்கு அஞ்சித் தடுமாறிக் கூறிய பதில் ஒளிப்பதிவு செய்யப்பட்டு, ஒப்புதல் வாக்குமூலமாகப் பரப்பப்பட்டது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மார்ச்சில் திகனவில் வன்முறை வெடித்தபோது அதே மாத்திரைக் கதை மீண்டும் மீண்டும் பகிரப்பட்டது. அரச இரசாயன பகுப்பாய்வில் அது வெறும் கோதுமை மாக் கட்டி என்பது உறுதியானது.

டோக்கியோவில் சிற்பம் உண்மையானது. அம்பாறையில் ஒளிப்பதிவும் உண்மையானது. பொய்யாயிருந்தது அவற்றுக்குக் கொடுக்கப்பட்ட விளக்கமே. எனவே, 2024 இல் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் போன்ற, பொய்க் கூற்றுகளைத் தண்டிக்கும் சட்டங்களில் மட்டும் நம்பிக்கை வைப்பவர்கள் ஒரு கேள்விக்கு விடையளிக்க வேண்டியுள்ளது: தண்டிக்கப்பட வேண்டியவர் யார்? சிற்பியா, படத்தை வெட்டியவரா, அச்சத்துடன் அதனை அயலவருக்கு அனுப்பிய தாயா? விளையாட்டாகத் திகில் படம் செய்வோரைத் தடுப்பதும் நியாயமாகாது. நுட்சனின் போட்டியில் குற்றம் எதுவும் இருக்கவில்லை.

இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் ஒரு வரி எழுதினால், சிற்பமோ கெமராவோ இன்றியே படம் கிடைக்கின்றது. வேறுபாடு மிகப் பெரியது. மோமோவின் படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தோருக்கு டோக்கியோக் கண்காட்சியாவது அகப்பட்டது. மூலமே இல்லாத படத்தைத் தேடுவோருக்கு அவ்வாறான தடயமும் கிடைக்காது. ஆகவே படமொன்றின் பிறப்பிடத்தைக் கண்டறிந்து விரைவாகக் கூறும் பொறுப்பு பொலிஸாருக்கும் ஊடகங்களுக்கும் முன்னைவிடக் கூடியுள்ளது. பாடசாலைகளிலும் எச்சரிக்கைத் துண்டுகளை விநியோகிப்பதற்குப் பதிலாக, வெட்டப்படாத முழுப் படத்தை மாணவருக்குக் காட்டலாம். பறவைக் கால்களுடன் நிற்கும் மோமோவைக் கண்டு அஞ்சும் பிள்ளைகள் அதிகம் இருக்கமாட்டார்கள்.

அம்பாறையில் பள்ளிவாசல் தாக்கப்பட்டது ஒரே இரவில். கோதுமை மாக் கட்டியைக் கோதுமை மாக் கட்டி என்று அரசு கூறுவதற்கு ஒரு வாரத்துக்கும் மேலாகியது.