எந்த வைரஸ் கொன்றது? எழுதிக் கொடு!

  

கோழி செத்தால் நமக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "கழிச்சலா இருக்கும், குழி தோண்டிப் புதைச்சிடுங்க." எந்த வைரஸ், எவ்வளவு வீரியம், போட்ட ஊசி ஏன் காக்கவில்லை என்று கேட்டால் வாய் திறப்பாரில்லை. போட்ட முதலும் போச்சு, செத்த காரணமும் குழிக்குள்ளே போச்சு!

நாம் வெள்ளைக் கழிச்சல் என்கிறோம். ஆபீசில் ராணிக்கெட் என்கிறார்கள். 1926-ல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஜாவாவிலும் தெரியவந்த நோய், ஓரிரு ஆண்டில் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெட்டுக்கும் வந்தது. ஏறக்குறைய நூறு வருஷமாகத் தெரிந்த நோய்க்கு இன்னும் கண்ணால் பார்த்தே தீர்ப்பா?

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் உண்மை. வெள்ளைக் கழிச்சலிலும் கோழி கூட்டமாகச் சாகும், பறவைக் காய்ச்சலிலும் கூட்டமாகச் சாகும். 2006-ல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில், போபால் ஆய்வுக்கூடம் சோதித்த பிறகுதான் நாட்டின் முதல் பறவைக் காய்ச்சல் உறுதியானது. இதில் நம் வயிற்றில் அடிக்கும் விஷயம் ஒன்று உண்டு. அரசு அழிக்கும் கோழிக்குத்தான் இழப்பீடு. அதற்கு முன்பே நோயில் செத்த கோழிக்குக் காசு கிடையாது. சோதனை ஒரு நாள் தள்ளிப்போனால் அந்த ஒரு நாள் நஷ்டம் யார் தலையில்? நம் தலையில்தான்!

"எந்த வைரஸா இருந்தா என்ன, மருந்து இல்லாத நோய்தானே" என்கிறார்கள். அப்படியல்ல. ராணிக்கெட் வைரஸிலேயே சாதுவும் உண்டு, கொலைகாரனும் உண்டு. குஞ்சின் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு விடும் லசோட்டா, சாதுவான ரகம். கருமுட்டைக்குள் வைரஸைச் செலுத்திப் பார்ப்பார்கள். 60 மணி நேரத்துக்குள் கரு செத்தால் கொடிய ரகம், 90 மணிக்கு மேல் தாங்கினால் சாது. இன்று மரபணுவில் ஒரு சிறு பகுதியைப் படித்தாலே வீரியம் தெரிந்துவிடும். வித்தை இருக்கிறது. நம் ஊர்க் கோழிக்கு அதைச் செய்ய மனசுதான் இல்லை!

ஊசி போட்டும் கோழி செத்தால் "நீங்க சரியா பராமரிக்கல" என்று பழி போடுகிறார்கள். ஐஸ் இல்லாமல் வந்த தடுப்பு மருந்து சூட்டில் கெட்டிருக்கலாம். கம்போரோ வைரஸ் முன்பே நுழைந்து எதிர்ப்புச் சக்தியைத் தின்றிருக்கலாம். அப்புறம் எந்த ஊசி பிடிக்கும்? சோதிக்காமலே நம்மைக் குற்றவாளி ஆக்குவது என்ன நியாயம்?

ஒப்பந்தப் பண்ணையில் இன்னும் மோசம். குஞ்சும் கம்பெனியுது, தீவனமும் கம்பெனியுது, மருந்தும் கம்பெனியுது. செத்த கோழியை அறுத்துப் பார்த்த முடிவும் கம்பெனியோட பெட்டிக்குள்ளே! ஆனால் இறப்பு கூடினால் வெட்டு விழுவது நம் வளர்ப்புக் கூலியில்.

2009-ம் ஆண்டு கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம், ராணிக்கெட், கம்போரோ, பறவைக் காய்ச்சல் போன்ற நோய் என்று சந்தேகம் வந்தாலே வளர்ப்பவர் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்கிறோம். சொல்வது நம் கடமை என்றால், முடிவைத் தெரிந்துகொள்வது நம் உரிமை இல்லையா?

நாம் கேட்பது இதுதான்:

1. கோழிகள் கூட்டமாகச் செத்தால் கால்நடை மருத்துவர் ஊருக்கே வந்து மாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

2. எந்த வைரஸ், என்ன வீரியம் என்ற முடிவைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

3. ஒப்பந்தப் பண்ணையாளருக்கு ஆய்வு முடிவின் நகல் தர வேண்டும். அதுவரை கூலியில் கை வைக்கக் கூடாது.

4. எந்த மாவட்டத்தில் எந்த ரகம் சுற்றுகிறது என்று ஆண்டுதோறும் அறிவித்து, அதைப் பார்த்துத் தடுப்பூசித் திட்டம் வகுக்க வேண்டும்.

நாமும் ஒன்று செய்வோம். செத்த கோழியை வாய்க்காலில் வீசாதீர்கள், நோய்க் கோழியைச் சந்தைக்கு ஏற்றாதீர்கள். உடனே தகவல் சொல்லுங்கள், சொன்ன தேதியை எழுதி வையுங்கள். அந்தக் காகிதம்தான் நாளை நம் சாட்சி.

கோழி சின்னது, நம் பிழைப்பு சின்னதல்ல!
ஒன்றுபடுவோம்! கேட்டுப் பெறுவோம்!