புகாரை முடித்து வைப்பவர் யார்?

வீட்டுக்கு இணையமும் தொலைக்காட்சியும் கொண்டுவந்து தருகிற கம்பெனியாரிடம் நம்மவர்களுக்கு உள்ள மனஸ்தாபம், கம்பி அறுந்து போகிறதே என்பதைப் பற்றியதன்று. மழையும் காற்றும் உள்ள ஊரில், மாநகராட்சியார் ஒரு பக்கமும் குடிநீர் வாரியத்தார் மறுபக்கமும் ஓயாமல் பள்ளம் தோண்டிக்கொண்டிருக்கும் தெருவில், விளக்குக் கம்பத்திலிருந்து வேப்ப மரத்துக்கும், வேப்ப மரத்திலிருந்து மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவருக்கும் தாவித் தாவி வந்து சேரும் மெல்லிய கண்ணாடி இழை, வருஷத்தில் சில தடவை அறுபடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதைச் சகித்துக்கொள்ளும் பொறுமை தமிழ்நாட்டுச் சந்தாதாரருக்குத் தாராளமாகவே உண்டு. அவருக்கு ஆத்திரமூட்டுவது, வீட்டில் இணையம் செத்துக் கிடக்கும் வேளையிலேயே, 'தங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு மதிப்பெண் அளியுங்கள்' என்று கைப்பேசியில் வந்து விழுகிற அந்தக் குறுஞ்செய்திதான்.

இதை அனுபவித்தவர்களுக்கு விவரம் வேண்டியதில்லை. அனுபவியாத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். சுவரில் மாட்டியுள்ள சிறிய வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருக்கும்; வெளியே எங்கேனும் இழை அறுந்தால், அவற்றுள் 'எல்.ஓ.எஸ்.' என்று அச்சிட்ட விளக்கு மட்டும் சிவப்பாக மினுக்கத் தொடங்கும். வெளிச்சம் வந்து சேரவில்லை என்று பெட்டி சொல்லும் பாஷை அது. அதற்குமேல் நோய் நாடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஆயினும், கம்பெனியாரின் எண்ணை அழைத்து, தமிழுக்கு ஓர் எண், இணையத்துக்கு ஓர் எண், பழுதுக்கு ஓர் எண் என்று அழுத்திக்கொண்டே போய், கடைசியில் எங்கோ தொலைவில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் குரலை எட்டினால், அவர் மிகுந்த மரியாதையோடு, "ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க, சார்" என்பார். சிவப்பு விளக்கைப் பற்றிச் சொன்னாலும் அதையே சொல்வார், ஏனெனில் அவர் முன்னுள்ள திரையில் அதுதான் முதல் வரியாக எழுதப்பட்டிருக்கிறது. பிறகு ஒரு புகார் எண் கிடைக்கும். பிறகு மேற்சொன்ன குறுஞ்செய்தி கிடைக்கும். மறுபடி அழைத்தால், "சிஸ்டத்துல க்ளோஸ்னு காட்டுது சார், புதுசா ஒரு கம்ப்ளைண்ட் போட்டுடட்டுமா?" என்று கேட்பார்கள்.

எங்கள் தெருவில் இவ்விதம் நேர்ந்த ஒரு சமயம், முனையில் ஏணி சாத்திக்கொண்டு, இழையைப் பிளந்து, சிறு இயந்திரத்தில் வைத்து ஒட்டவைத்துக்கொண்டிருந்த இளைஞரிடம் போய், "ஏன் தம்பி, வேலை முடியறதுக்குள்ளேயே முடிஞ்சதுன்னு போட்டுட்டீங்களே?" என்று கேட்டேன். அவர் கையிலுள்ள வேலையை விடாமலே, "நான் போடலைங்க சார். டைம் தாண்டினா எங்க ஓனருக்கு ஃபைன் விழும், அதனால ஆபீஸ்லேயே க்ளோஸ் பண்ணிடுவாங்க. நாங்க அப்புறமா வந்து பார்ப்போம்" என்றார். கம்பெனியின் பெயர் பொறித்த பனியனை அவர் அணிந்திருந்தாலும், அவர் அக்கம்பெனியின் ஊழியரல்லர். அந்தப் பகுதியைக் குத்தகையாக எடுத்திருக்கும் பழைய கேபிள்காரரிடம் வேலை செய்பவர். அவர் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வாக்கியத்தில் இந்த வியாபாரத்தின் இரகசியம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது.

இந்த நிலைக்கு நாம் வந்து சேர்ந்த வழியைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கலாம். 1990-களில் ஒவ்வொரு பேட்டையிலும் யாரோ ஒருவர் தம் வீட்டு மாடியில் டிஷ் ஆன்டெனாவை நிறுத்தி, கறுப்புக் கம்பியை மாடிக்கு மாடி இழுத்துக் கொடுத்தார். மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு பையன் நோட்டுப் புத்தகமும் கையுமாகச் சந்தா வசூலிக்க வருவான். படம் புள்ளி புள்ளியாக வந்தால், "சரி பண்ணிட்டு வா, தரேன்" என்று வீட்டு அம்மாள் சொல்லிவிடுவார். அன்று மாலையே யாராவது வந்து கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டுப் போவார்கள். அந்தக் காலத்துக் கேபிள்காரரைப் புண்ணிய புருஷர் என்று நான் ஸ்தாபிக்க வரவில்லை. அவர் தம் எல்லைக்குள் இன்னொருவரை நுழைய விடமாட்டார்; நேற்று வெளியான படத்தை இன்று இரவே தம் சொந்தச் சேனலில் ஓட்டுவார்; தம்மிடமுள்ள இணைப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் கணக்குக் காட்டுவார். இந்தக் கடைசி வித்தையைத் தடுக்கத்தான் 2003-இல் சென்னையில் செட்டாப் பாக்ஸ் ஏற்பாடு அமலுக்கு வந்தது. 2011-இல் கேபிள் சட்டத்தைத் திருத்தி நாடெங்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். அதே வருஷம் மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிளும் மறுபிறவி எடுத்தது. 2019 பிப்ரவரியில், வேண்டிய சேனலை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம், முதல் 100 சேனல்களுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு, என்ற புதிய கட்டண முறை வந்தது. பொறுக்கி எடுத்தவர் எத்தனை பேரோ அறியேன். நான் விசாரித்த வீடுகளிலெல்லாம் கேபிள்காரர் கட்டிக் கொடுத்த 'பேக்' ஒன்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒளிபரப்பாளருக்கும் அரசாங்கத்துக்கும் இம்மாற்றங்களால் விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. சந்தாதாரர் கையிலிருந்த ஒரே ஆயுதம் மட்டும் இதற்கிடையே யாரும் பிரஸ்தாபிக்காமலே பறிபோயிற்று. முன்பு சேவை முதலில், பணம் பிறகு. இன்று பணம் முதலில். தவணை முடிந்த இரவு பன்னிரண்டு மணிக்குப் பெட்டி தானாகவே கண்ணை மூடிக்கொள்கிறது. இணையத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போய், ஆறு மாதப் பணத்தை முன்னதாகக் கட்டினால் ரவுட்டர் இலவசம் என்ற ஆசை வார்த்தையாக வருகிறது. ஆறு மாதப் பணத்தை வாங்கிப் பெட்டியில் பூட்டிக்கொண்டவருக்கு, இரண்டாவது மாதத்தில் அறுந்த இழையை இன்றைக்கே ஒட்டவேண்டும் என்ற அவசரம் எங்கிருந்து வரும்?

சட்டத்தில் பரிகாரம் இல்லாமலில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய், 2006-ஆம் வருஷத்திலேயே, அகண்ட அலைவரிசைப் பழுதுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை அடுத்த வேலை நாளுக்குள்ளும், தொண்ணூற்றொன்பது மூன்று வேலை நாளுக்குள்ளும் சரி செய்யப்படவேண்டும் என்று விதித்தது. மூன்று நாளைத் தாண்டினால் ஏழு நாள் வாடகையும், ஏழு நாளைத் தாண்டினால் பதினைந்து நாள் வாடகையும், பதினைந்தைத் தாண்டினால் ஒரு மாத வாடகையும் கழிவு தரவேண்டும் என்றும் எழுதி வைத்தது. 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய விதிகளும், மூன்று நாளுக்குமேல் பழுது நீடித்தால் நிவாரணம் உண்டு என்ற தத்துவத்தைக் கைவிடவில்லை. இவ்வளவு தெளிவாக விதி இருந்தும், இந்தக் கழிவைத் தம் பில்லில் கண்ணால் கண்ட ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

காரணம் அந்த ஏணிக்கார இளைஞர் சொன்னதுதான். மூன்று நாள் என்ற கெடு புகார் பதிவான நேரத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது. புகார் முடிக்கப்பட்ட நேரத்தில் நின்றுவிடுகிறது. தொடங்கி வைப்பதும் நிறுத்தி வைப்பதும் கம்பெனியாரின் கையில். கெடு தாண்டினால் பணம் இழக்கவேண்டியவர் யாரோ, அவர் கையிலேயே கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு, நேரம் தவறாமல் சொல்லுவார் என்று சர்க்கார் நம்பியிருக்கிறது. இரண்டாம் நாள் மாலையில் பழைய புகார் முடிகிறது. மூன்றாம் நாள் காலையில் புதிய எண்ணோடு இன்னொரு புகார் பிறக்கிறது. பத்து நாள் இருட்டில் கிடந்த வீடு, கம்பெனியின் ஏடுகளின்படி, உடனுக்குடன் கவனிக்கப்பட்ட நாலைந்து சிறு பழுதுகளைக் கண்ட வீடாகிவிடுகிறது. டிராய் காலாண்டுதோறும் வெளியிடும் தர அறிக்கைகளுக்கும் இந்த ஏடுகளே மூலாதாரம் என்பதை நினைத்தால், அவற்றில் எல்லாரும் நல்ல மதிப்பெண் வாங்குவது ஏன் என்பது விளங்கும்.

மேலே முறையிடலாமே என்பார்கள். டிராய் தனி மனிதரின் புகாரை எடுத்து விசாரிப்பதில்லை. 2012-ஆம் வருஷ விதிகளின்படி முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அந்த மேல்முறையீட்டு அதிகாரியும் கம்பெனியைச் சேர்ந்தவரே. நுகர்வோர் மன்றத்தின் கதவு 2009-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஒரு தீர்ப்பால் அடைபட்டு, 2022 பிப்ரவரியில் இன்னொரு தீர்ப்பால் மறுபடி திறந்தது. திறந்தது நல்லதுதான். எனினும் மாதம் 700 ரூபாய் கட்டுகிறவருக்கு ஏழு நாள் கழிவு என்பது 163 ரூபாய். அதற்காக வேலைக்கு விடுப்பெடுத்துக்கொண்டு மன்றப் படியேற எவருக்கு மனம் வரும்? படியேறினாலும், 'முடிக்கப்பட்டது' என்ற பதிவு அவருக்கு எதிரான சாட்சியாக அங்கே முன்னதாகவே போய் உட்கார்ந்திருக்கும்.

வேகத்தைப் பற்றிய தகராறும் ஏறக்குறைய இதே ஜாதிதான். நம் தெருக்களில் பெரும்பாலும் உள்ள ஜிபான் ஏற்பாட்டில், நொடிக்குச் சுமார் 2.5 கிகாபிட் கொள்ளும் ஒரே இழையை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். எல்லாரும் ஒருசேரக் கிரிக்கெட் பார்க்கும் இரவில், அதற்கப்பால் கம்பெனி வாங்கி வைத்திருக்கும் கொள்ளளவும் போதாமற்போனால், விளம்பரத்தில் கண்ட 100 மெகாபிட் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. சட்டம் கேட்கும் குறைந்தபட்ச வேகமோ, 2004-இல் 256 கிலோபிட்டாக இருந்து, 2013-இல் 512 ஆகி, 2023-இல்தான் 2 மெகாபிட்டை எட்டியிருக்கிறது.

எல்லாவற்றிலும் விசித்திரமான விஷயம் ஒன்று உண்டு. இழை அறுந்தது என்று நாம் அழைத்துச் சொல்லவேண்டிய அவசியமே உண்மையில் இல்லை. ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் கம்பெனியின் நிலையத்திலுள்ள இயந்திரத்தோடு இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்கிறது. வெளிச்சம் நின்ற கணமே, எந்த வீடு, எந்த நேரம் என்ற குறிப்பு அங்கே பதிவாகிவிடுகிறது. வீட்டில் மின்சாரம் போனதால் பெட்டி அணைந்ததோ என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை: பெரும்பாலான பெட்டிகள் மின்சாரம் அறும் தறுவாயில் கடைசியாக ஒரு சமிக்ஞையை அனுப்பிவிட்டே அணைகின்றன. பொறியாளர்கள் அதற்கு 'டையிங் காஸ்ப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சமிக்ஞை வராமல் வெளிச்சம் மட்டும் நின்றால், கோளாறு இழையில் என்பது நிலையத்துக்குத் தெரியும். அங்கே இவ்வளவும் தெரிந்திருக்க, இங்கே ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லி ஒரு கிழவரை நாற்காலி போட்டு ஏற வைக்கிறார்கள்.

ஆகையால் நான் கோருவது அதிகமில்லை. பழுதின் நேரத்தைப் புகார் ஏட்டைக் கொண்டு கணக்கிடாமல், நிலைய இயந்திரத்தின் பதிவைக் கொண்டு கணக்கிடவேண்டும். அந்தப் பதிவைச் சந்தாதாரர் தம் கணக்கில் பார்க்க முடியவேண்டும். அதன்படி சேரவேண்டிய கழிவு, கேளாமலே அடுத்த பில்லில் இறங்கவேண்டும். புகாரை முடிப்பதற்குச் சந்தாதாரரின் கைப்பேசிக்கு ஓர் எண் அனுப்பி, அவர் அதைச் சொன்னால் மட்டுமே முடிக்கவேண்டும். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் இன்று வாசலில் நின்று அத்தகைய எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் உருளையை இறக்குகிறார். வேண்டுமென்றே எண்ணைச் சொல்லாமல் கழிவைக் கறக்கும் சந்தாதாரர்களும் இருப்பார்களே என்று கம்பெனியார் ஆட்சேபிக்கலாம், இருப்பார்கள்தான். வெளிச்சம் திரும்பிய நேரம் இயந்திரத்தில் இருக்கிறபடியால், அவர்களுடைய பொய்யும் அங்கே நிற்காது. இதற்கெல்லாம் பார்லிமெண்டில் புதிய மசோதா வேண்டியதில்லை. சேவையின் தரத்துக்கு அளவுகோல் வகுக்கும் அதிகாரத்தை 1997-ஆம் வருஷச் சட்டமே டிராய்க்குக் கொடுத்திருக்கிறது.

ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் விதியிலேயே எழுதிவிடவேண்டும். கழிவுத் தொகையும் அபராதமும் சந்தாப் பணத்தை வாங்கும் கம்பெனியின் கணக்கிலிருந்தே போகவேண்டும். அதைப் பகுதிக் குத்தகைதாரர் தலையில் இறக்கி, அவர் மழையில் ஏணி ஏறுகிறவரின் கூலியில் பிடித்துக்கொள்ள வழி வைக்கக்கூடாது.