கடைசிப் பெட்டியும் நம் வண்டிதான்



தாராவியில் தைக்கப்படும் ஒரு சட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். இதைத் தைத்தவர் யார் என்று கேட்டால் எவராலும் ஒரு பெயரைச் சொல்ல முடியாது. துணி வெட்டியவர் ஒருவர். காலர் வைத்தவர் இன்னொருவர். கை சேர்த்தவர் வேறொருவர். காஜா எடுத்தது ஓரிடம், பட்டன் வைத்தது மற்றோரிடம். கடைசியில் பிசிறு நூலை நறுக்கி, மடித்துக் கட்டிக் கொடுத்தவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து பீஸ் கணக்கில் வேலை செய்யும் நம் சகோதரி. கூலியில் மிகக் குறைந்தது அவருடைய கூலிதான். ஆனால் அந்த நூலை நறுக்காமல் எந்தக் கடைக்காரரும் சட்டையை வாங்குவதில்லை.

உறுப்புகள் சேர்ந்து பொருளாகின்றன என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எப்படிச் சேர்கின்றன, எந்த உறுப்புக்கு என்ன உரிமை என்பதைத்தான் நாம் யோசிப்பதில்லை. சங்கம் என்பதும் பல உறுப்புகள் சேர்ந்த ஒரு பொருள்தான். "உறுப்பினர்" என்ற சொல்லிலேயே உறுப்பு இருக்கிறது. ஆகவே, பொதுக்குழு கூடவிருக்கும் இந்த வேளையில் இதைப் பற்றி மனம் திறந்து பேசியாக வேண்டும்.

வில்லும் குடமும்

நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களுக்கு வில்லுப்பாட்டைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வில், அதில் கோத்த மணிகள், வீசுகோல், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. இவற்றோடு பாட்டுக்காரர்கள். தலைமைப் பாட்டுக்காரர் கதை சொல்லும்போது, பக்கத்தில் இருப்பவர் "ஆமாம்" என்று வாங்கிச் சொல்ல வேண்டும். அந்த "ஆமாம்" இல்லாவிட்டால் கதை நடக்காது. கூட்டம் பார்ப்பதென்னவோ வில்லைத்தான். ஆனால் வில்லைக் குடத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பதால்தான் அந்த நாதம் வருகிறது. குடத்தில் விரிசல் விட்டால் எவ்வளவு பெரிய பாட்டுக்காரரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

தாராவியில் குடம் வேண்டுமென்றால் எங்கே போகிறோம்? கும்பார்வாடாவுக்கு. அங்கே சூளை போடுகிறவர்கள் குஜராத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்த குயவர்கள். நம் ஊர் சாமியின் கதையை நம் மொழியில் பாடினாலும், அதற்கு ஓசை கொடுப்பது இன்னொரு மொழிக்காரர் சுட்ட மண். தமிழர் ஒற்றுமை என்று பேசும்போது இந்தக் குடத்தையும் நாம் மறக்கலாகாது.

இரண்டு விதமான பிரேக்

ரயில்வே குமாஸ்தா என்ற முறையில் வண்டி கோக்கும் விஷயத்தை நான் கொஞ்சம் அறிவேன். பெட்டிக்கும் பெட்டிக்கும் கப்ளிங் மாட்டிவிட்டால் வண்டி தயார் என்று வெளியே நிற்பவர் நினைப்பார். உண்மை அதுவன்று. கப்ளிங் இழுப்பதற்கு மட்டுமே. வண்டியை ஒரே உடலாக்குவது எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டிவரை ஓடும் பிரேக் குழாய்.

அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அந்த முதல் பிரேக்கில் எஞ்சினிலிருந்து காற்று போய்ப் பெட்டிகளின் பிரேக்கை அழுத்தும். குழாய் அறுந்தாலோ, பெட்டி கழன்றாலோ காற்று வெளியே போய்விடும். பிரேக் பிடிக்காது. எஞ்சின் தயவு இருக்கும்வரை பாதுகாப்பு, இல்லாவிட்டால் இல்லை.

1872-இல் அவரே அதைத் தலைகீழாக மாற்றி அமைத்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் அதற்கென்றே ஒரு காற்றுத் தொட்டி வைத்தார். குழாயில் அழுத்தம் சரியாக இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். எங்காவது குழாய் அறுந்து அழுத்தம் குறைந்தால், அந்தந்தப் பெட்டி தன் தொட்டியில் சேர்த்துவைத்த காற்றைக் கொண்டு தானே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். இன்று நம் விரைவு வண்டிகளில் பிரேக் குழாய் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. கடைசிப் பெட்டி கழன்றால் அது மட்டும் நிற்பதில்லை. எஞ்சின் உட்பட வண்டி முழுவதுமே நிற்கிறது.

நீங்கள் பெட்டியில் பார்க்கும் அபாயச் சங்கிலியும் இதே தத்துவம்தான். அதை இழுத்தால் குழாயிலிருக்கும் காற்று வெளியேறுகிறது, பிரேக் பிடிக்கிறது. முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டு வரும் ஒரு கூலித் தொழிலாளி, தன் பிள்ளை கீழே விழுந்துவிட்டால், எஞ்சின் டிரைவரைக் கேட்காமலே இருபத்துச் சொச்சம் பெட்டிகளை நிறுத்திவிட முடியும். கடைசி ஆளுக்கும் வண்டியை நிறுத்தும் உரிமை உண்டு என்பதை இரும்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஏற்றத்தில் கழற்றிய பெட்டிகள்

முதல் வகைப் பிரேக்கை நம்பியதால் என்ன நடந்தது என்பதற்கு அயர்லாந்தில் அர்மா என்ற ஊர் சாட்சி. 1889 ஜூன் 12 அன்று ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக் குழந்தைகளும் பெற்றோரும் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் புறப்பட்டார்கள். கூட்டம் அதிகம், வண்டி கனம். ஏற்றத்தில் எஞ்சினுக்கு வலு போதாமல் வண்டி நின்றுவிட்டது.

பொறுப்பில் இருந்தவர்கள் ஒரு முடிவு செய்தார்கள். முன்பகுதியைக் கழற்றி முதலில் மேலே கொண்டுபோய் விட்டுவிடலாம், பிறகு திரும்பி வந்து பின்பகுதியை இழுத்துச் செல்லலாம் என்பது அந்த முடிவு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வண்டியின் பிரேக், எஞ்சின் இணைந்திருந்தால் மட்டும் வேலை செய்யும் வகை. கழற்றியவுடன் பின்பெட்டிகளுக்கு மிஞ்சியது கடைசிப் பெட்டியின் கை பிரேக்கும், சக்கரங்களுக்குப் பின்னால் வைத்த சில கற்களும்தான். முன்பகுதி புறப்படும்போது சற்றே பின்வாங்கி இடித்தது. கற்கள் நொறுங்கின. பின்பெட்டிகள் சரிவில் உருண்டு ஓடி, பின்னால் வந்துகொண்டிருந்த வண்டியில் மோதின. 80 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். அதே ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, பயணி வண்டிகளில் தானாகப் பிடிக்கும் பிரேக்கைக் கட்டாயமாக்கியது.

அந்த முடிவைச் செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவசரக்காரர்கள். "முதலில் முன்னால் இருப்பவர்கள் போகட்டும்" என்று எண்ணியவர்கள்.

1974 சொல்லும் பாடம்

நம் நாட்டுக்கு வருவோம். 1974 மே 8 முதல் 27 வரை நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தில் சுமார் 17 லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். அதற்கு முன்னால் எஞ்சின் ஓட்டுபவருக்கு ஒரு சங்கம், கார்டுக்கு ஒரு சங்கம், ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு சங்கம் என்று பெட்டிகள் தனித்தனியே கிடந்தன. எட்டு மணி நேர வேலையும் போனசும் தனித்தனியே கேட்டுக் கிடைக்காது என்று கண்டபின், 1974 பிப்ரவரியில் ஒரு கூட்டுக் குழு அமைத்தார்கள்.

வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முன்பே, மே 2 அன்று, ஜார்ஜ் பெர்னாண்டஸ் கைது செய்யப்பட்டார். எஞ்சினையே கழற்றிவிட்டார்கள் என்று அரசாங்கம் நினைத்தது. ஆனாலும் 20 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, எப்படி? ஊருக்கு ஊர், பணிமனைக்குப் பணிமனை தொழிலாளர்களிடம் சொந்தக் காற்று இருந்தது. ஆண்கள் சிறையிலும் தலைமறைவிலும் இருக்க, குவார்ட்டர்ஸிலிருந்து சாமான்கள் வீதியில் எறியப்பட்டபோது தாங்கி நின்றவர்கள் பெண்கள். எந்தச் சங்கப் பதிவேட்டில் அந்தப் பெண்களின் பெயர் இருந்தது?

வேலைநிறுத்தம் அன்று வெற்றியில் முடியவில்லை. அங்கீகாரம் பெற்ற இரண்டு சம்மேளனங்களில் ஒன்று வெளியே நின்றதும் ஒரு காரணம். ஆனால் 1979-இல் ரயில்வே தொழிலாளிக்கு போனஸ் வந்தபோது, உள்ளே நின்றவருக்கும் வெளியே நின்றவருக்கும் சேர்த்துத்தான் வந்தது.

நம் ஏற்றம்

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் விதி நம்மை எப்படிப் பிரிக்கிறது என்று பாருங்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு. 2000-க்கும் 2011-க்கும் இடையில் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே, விலை கொடுத்து. மாடியில் குடியிருப்பவருக்கும் வெளியேதான், வாடகை முறையில். ஒரே சந்து, ஒரே குழாயடி, ஒரே கோயில் கொடை. ஆனால் ஏணியின் கீழே இருப்பவர் ஒரு பெட்டி, ஏணியின் மேலே இருப்பவர் வேறொரு பெட்டி.

நம் சங்கத்துக்குள்ளேயே இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. "தகுதி உள்ளவர்களுக்கு முதலில் வீடு வரட்டும். மாடிக்காரர்களுக்காகப் பிறகு போராடுவோம்." இதைச் சொல்கிறவர்கள் நல்லவர்களே. பல ஆண்டுகள் காத்திருந்து களைத்துப்போனவர்கள். கீழே இருப்பவருக்கு மாடியிலிருந்து வாடகை வருகிறது, இருவர் நலனும் ஒன்றல்ல என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பேச்சுக்கும் அர்மாவில் எடுத்த முடிவுக்கும் என்ன வித்தியாசம்? முன்பகுதி மேலே போய்ச் சேர்ந்தபின் எஞ்சின் திரும்பி வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? வீட்டுச் சாவி கைக்கு வந்தபின் எத்தனை பேர் ஊர்வலத்துக்கு வருவார்கள்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

இதில் கருணை மட்டும் அல்ல, கணக்கும் இருக்கிறது. கீழே தையல் பட்டறை, மேலே அதில் வேலை செய்யும் பையன்களும் நூல் வெட்டும் பெண்களும். மேலே இருப்பவரை எங்கோ தூரத்துக்கு அனுப்பிவிட்டால், கீழே இருப்பவர் காலரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? வேலை போன இடத்தில் இலவச வீட்டின் பராமரிப்புச் செலவை எதிலிருந்து கட்டுவார்?

செய்ய வேண்டியவை

பொதுக்குழுவின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று, உறுப்பினர் பதிவேடு. இன்று நம் பதிவேட்டில் இருப்பது குடும்பத் தலைவர்களின் பெயர் மட்டுமே. இனி மாடியில் இருப்பவர், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், துப்புரவு ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆகிய அனைவரும் தத்தம் பெயரில் உறுப்பினராக வேண்டும். கூட்டத்துக்குச் சமைத்துப் போடும் பெண்ணுக்கு அந்தக் கூட்டத்தில் கை தூக்கும் உரிமை இல்லையென்றால், அது சங்கம் அல்ல, பந்தி.

இரண்டு, சொந்தக் காற்றுத் தொட்டி. கணக்கெடுப்பு எண், மின்கட்டண ரசீது, ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல் நகல் எல்லாம் இன்று சங்க அலுவலகத்தின் ஒரே பீரோவில், ஒருவர் சாவியில் இருக்கின்றன. ஒவ்வொரு சந்திலும் மூவர் குழு அமைத்து, ஒரு நகல் அவர்களிடமும் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். தலைவர் ஊருக்குப் போனாலும், விலை போனாலும், சந்து தானே நிற்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று, அபாயச் சங்கிலி. எந்தச் சந்திலிருந்தும் பத்து உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் ஒரு வாரத்துக்குள் பொதுக்குழு கூட வேண்டும். அதுவரை சங்கத்தின் பெயரில் எவரும் எந்தச் சம்மதக் கடிதத்திலும் கையெழுத்துப் போடலாகாது. வீணாகச் சங்கிலி இழுத்து வேலையைக் கெடுப்பார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். ரயிலிலும் அந்த அச்சம் உண்டு. காரணமின்றி இழுத்தால் 1989 ரயில்வே சட்டத்தின் 141-ஆவது பிரிவின்படி தண்டனையும் உண்டு. அதற்காகச் சங்கிலியே கூடாது என்று ஆகிவிடாது.

நான்கு, குடம். கும்பார்வாடாக் குயவர்களும், உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தையல், தோல் தொழிலாளர்களும் இதே விதிக்குள்தான் அகப்பட்டிருக்கிறார்கள். அவர்களுடைய அமைப்புகளோடு நம் சங்கம் உடனே பேச வேண்டும். தமிழில் மட்டும் போட்ட தீர்மானம் மந்திராலயாவின் வாசலைத் தாண்டாது.

இவற்றை ஏற்றால் நம் வேகம் குறையும் என்பார்கள். குறையட்டும். வண்டி புறப்படுமுன் கடைசிப் பெட்டிவரை காற்று போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் கார்டு கொடி காட்டுகிறார். 2022 முதல் அவருக்கு ரயில் மேலாளர் என்று புதுப்பெயர். பெயர் மாறினாலும் அந்தச் சோதனை மாறவில்லை. அந்தச் சில நிமிடத் தாமதத்தை எந்தப் பயணியும் குறையாகச் சொல்வதில்லை.

ஏற்றம் நம் முன்னே நிற்கிறது. கனம் அதிகம்தான். எஞ்சினுக்கு வலு போதாவிட்டால் இன்னொரு எஞ்சினைத் தேடுவோம். பெட்டியைக் கழற்றும் பேச்சுக்குப் பொதுக்குழுவில் இடம் கொடாதீர்கள். குடும்பத்தோடு வாருங்கள். மாடியில் இருப்பவரையும் கையோடு அழைத்து வாருங்கள்.