வெங்காயத் தோலில் ஓர் எதிரி!

திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் மூட்டையை அவிழ்த்தால், சில வெங்காயத்தின் தோலில் கரி பூசியது போல் கறுப்புத் தூள் இருக்கும். பெண்கள் அதைக் கழுவி, உரித்துக் குழம்பில் போடுவார்கள். யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை.

அந்தத் தூள் ஒரு பூசணம். "ஆஸ்பெர்ஜில்லஸ்" என்பது அதன் குடும்பப் பெயர். ஈரம் பட்ட வேர்க்கடலையில் பச்சையாகப் பிடிப்பதும், மக்கிய வைக்கோலில் வளருவதும் அதன் பங்காளிகள்தான். 1729-ல் இத்தாலியப் பாதிரியார் மிக்கேலி இந்தப் பெயரை வைத்தார். மாதா கோவிலில் தீர்த்தம் தெளிக்கும் கருவி போல் இருந்ததாம்!

இதன் விதை கண்ணுக்குத் தெரியாது. காற்றில் மிதக்கும். எல்லோரும் தினமும் அதைச் சுவாசிக்கிறார்கள்.

இரட்டைக் காவல்

நுரையீரலில் இரண்டு காவல் உண்டு. அங்கேயே குடியிருக்கும் அணுக்கள் விதையை விழுங்கி விடும். தப்பி முளைத்ததை, ரத்தத்திலிருந்து ஓடி வரும் "நியூட்ரோபில்" என்ற வெள்ளை அணுக்கள் கொல்லும்.

கடுமையான ரத்தப் புற்றுநோய் வந்தவருக்கு இந்தக் காவல் போய் விடுகிறது. எலும்பு மஜ்ஜை, முதிராத வெள்ளை அணுக்களைப் பெருக்குகிறது. எண்ணிக்கை இருக்கும், வேலை நடக்காது. நோயை அழிக்கக் கொடுக்கும் மருந்து, மிச்சம் இருக்கும் நல்ல அணுக்களையும் குறைக்கிறது. ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 1,500-க்கு மேல் இருக்க வேண்டிய நியூட்ரோபில், 500-க்கும் கீழே இறங்கும். அந்த நாட்களில்தான் பூசணம் நுரையீரலில் வேர் விடுகிறது. நிமோனியா வருகிறது.

அதற்காக மருந்தைக் கண்டு பயப்படக் கூடாது. 1948-ல் அமெரிக்க டாக்டர் பார்பர், இந்த நோய் கண்ட குழந்தைகளுக்கு மருந்து கொடுத்துத் தற்காலிகக் குணம் கண்டார். அந்த மருந்தைச் செய்து கொடுத்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு. இன்று பல குழந்தைகள் முழுக் குணம் அடைகிறார்கள்.

அன்பால் வரும் ஆபத்து

நோயாளி ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார் என்றால், வீட்டார் சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்கிறார்கள். பரணைத் துப்புரவு செய்கிறார்கள். அன்பால் செய்வதுதான். ஆனால் தப்பு! சுரண்டிய தூசியோடு பூசண விதையும் பறக்கிறது. அந்த வேலையை அவர் வருவதற்குப் பல நாள் முன்பே முடித்து விட வேண்டும். கடலை மூட்டையும் வைக்கோலும் அவர் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. வெங்காயம் உரிக்கும் வேலையை வேறு யாராவது பார்க்கட்டும்.

விடியும் வரை காத்திருக்காதீர்கள்

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், மாத்திரை கொடுத்துப் படுக்க வைப்பது கூடாது. அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வறட்டு இருமல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம் என்றாலும் அப்படியே. சாதாரண நிமோனியா மருந்து பூசணத்தைத் தொடாது. காய்ச்சல் தணியாவிட்டால் டாக்டர்கள் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். சீக்கிரம் கண்டால் வோரிகோனசோல், ஆம்போடெரிசின் போன்ற மருந்துகள் இருக்கின்றன.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை 60 கிலோ மீட்டருக்கு மேல். காய்ச்சலோடு நள்ளிரவில் அவ்வளவு தூரம் போவது எளிதல்ல. 2022-ல் திண்டுக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்து விட்டது. இத்தகைய கல்லூரி ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும், காற்றை வடிகட்டி அனுப்பும் அறை ஒன்றாவது இந்த நோயாளிகளுக்கென்று இருக்க வேண்டும். ஊர்ப் பிரமுகர்கள் சாலை, குடிநீர் கேட்டு மனுக் கொடுக்கும்போது, இதையும் ஒரு வரி சேர்த்துக் கேட்கலாம்.