அணுவை மனனஞ் செய்விக்கும் கல்வி

பத்தாந் தரத்து விஞ்ஞான பாடத்தில் மாணவர் அணுவின் படத்தை வரையக் கற்கின்றனர். நடுவே கரு, அதனைச் சூழ வட்டங்கள், வட்டங்களின் மீது இலத்திரன்களைக் குறிக்கும் புள்ளிகள். ஞாயிற்றைக் கோள்கள் சுற்றுதல் போல இலத்திரன்கள் கருவைச் சுற்றுகின்றன என எழுதுவோர்க்குப் பரீட்சையிலும் புள்ளிகள் கிடைக்கின்றன. உயர்தர வகுப்பை அடைந்ததும் அவ்வட்டங்கள் மறைந்து, அவற்றினிடத்தே ஓபிற்றல்கள் தோன்றுகின்றன. முன்னையது ஏன் கைவிடப்பட்டது, பின்னையது எச்சான்றினால் ஏற்கப்பட்டது என்னும் வினாக்கள் எழுவது அரிது. ஒன்றை மனனஞ் செய்தவர் அதனை மறந்து மற்றொன்றை மனனஞ் செய்கின்றார். இதற்கு விஞ்ஞானக் கல்வி எனப் பெயரிடுதல் அப்பெயருக்கு இழைக்கும் அநீதியாகும்.

கோள் மாதிரியுருவை அடியோடு நீக்கிவிட வேண்டும் என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. எளிய மாதிரியுருவைக் கற்பித்தல் குற்றமன்று. அதனை அணுவின் நிழற்படம் போலக் கற்பித்தலே குற்றம்.

அணுவின் வரலாறு சான்றுகளின் வரலாறாகும். நேரேற்றம் அணு முழுவதும் பரவியிருக்க, அதனுள் இலத்திரன்கள் பதிந்துள்ளன என்று தொம்சன் 1904 இல் கருதினார். 1909 இல் கைகரும், அப்போது இருபது வயது மாணவராயிருந்த மாஸ்டனும் அல்பா துணிக்கைகளை மெல்லிய உலோகத் தகடுகளின் மீது செலுத்தினர். பெரும்பாலானவை ஊடுருவிச் சென்றன. மிகச் சில மட்டும் பின்னோக்கித் திரும்பின. பரவிய ஏற்றத்தால் அவற்றைத் திருப்ப இயலாது. ஆதலின் ஏற்றமும் திணிவும் ஒரு சிற்றிடத்தே செறிந்திருத்தல் வேண்டும் என இரதபோட் 1911 இல் முடிவு செய்தார். ஆயின், சுற்றிவரும் இலத்திரன் சக்தியைக் கதிர்வீசி இழந்து கருவினுள் விழ வேண்டுமே! இவ்வினாவுக்கு 1913 இல் நீல்ஸ் போர் அளித்த விடை ஐதரசனுக்குப் பொருந்தியது, ஈலியத்துக்குப் பொருந்தவில்லை. 1926 இல் சுரோடிங்கரின் அலைச்சமன்பாடு பிறந்தது. இத்துணை சுவைமிக்க வாதம் வகுப்பறையில் பெயரும் ஆண்டும் கொண்ட அட்டவணையாகச் சுருங்கிவிடுகின்றது.

ஆய்வுகூட வசதி போதாத கரையோரக் கிராமங்களில் இவ்வாறு கற்பித்தல் இயலுமா என்று கேட்பர். அல்பா துணிக்கையும் பொற்றகடும் வினாயகபுரத்துக்கு எங்கிருந்து வரும்? அவை வர வேண்டியதில்லை. மூடிய பெட்டியொன்றினுள் ஒரு பொருளை இட்டு, திறவாமலே குலுக்கியும் சரித்தும் அதன் உருவை உய்த்தறியச் செய்யலாம். எரிவாயு அடுப்பின் நீலச் சுவாலையிற் சிறிது கறியுப்பைத் தூவினால் மஞ்சள் ஒளி தோன்றும். சோடியம் ஏன் எப்போதும் அம்மஞ்சளையே தருகின்றது என்னும் வினா சக்திமட்டங்களின் வாயிலுக்கே மாணவரை இட்டுச் செல்லும்.

வினாயகபுரத்துக்கு அண்மையிலுள்ள திருக்கோவிற் கடற்கரையின் கருமணலும் ஒரு பாடநூலாகும். அதிலுள்ள இல்மனைற்று இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த சேர்வை. கல்சியம் வரை 2, 8, 8, 2 என எழுதப் பழகிய மாணவர் இருபத்திரண்டாம் மூலகமாகிய தைத்தேனியத்துக்கு 2, 8, 8, 4 என்று எழுதக்கூடும். உண்மையான நிலையமைப்போ 2, 8, 10, 2. மூன்றாம் மட்டம் 18 இலத்திரன்களை ஏற்கவல்லதாயின், பொற்றாசியத்தின் பத்தொன்பதாம் இலத்திரன் நான்காம் மட்டத்துக்குச் செல்வது ஏன்? வட்டங்களிடம் இதற்கு விடையில்லை. முதல் இருபது மூலகங்களோடு பாடம் நின்றுவிடுவதில் தவறில்லை. அஃது ஓர் எல்லை என்பதைச் சொல்லாது விடுவதே தவறு. அந்த எல்லைக்கு அப்பாலுள்ள மூலகமோ மாணவரின் காலடியிற் கிடக்கின்றது.

அணுவாராய்ச்சி அயலாரின் கதை என்னும் எண்ணமும் அகல வேண்டும். கலை ஆய்வாளராகவே பலர் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, இலங்கைக் கனிப்பொருள் அளவாய்வின் பணிப்பாளராயிருந்தபோது 1904 இல் தோரியனைற்று என்னும் புதிய கனிப்பொருளைக் கண்டறிந்தார். இலண்டனில் இராம்சேயின் ஆய்வுகூடத்தில் அதனை ஆராய்ந்த ஒட்டோ ஹான் 1905 இல் கதிர்த்தோரியத்தைக் கண்டு, பின்னர் மொன்றியலில் இரதபோட்டிடம் பணியாற்றச் சென்றார். தோரியத்தினின்று இரசாயன முறையாற் பிரிக்கவியலாத கதிர்த்தோரியம் தோரியத்தின் சமதானியே என்பது பின்னாளிற் புலனாயிற்று. இத்தீவின் கல்லொன்று அவ்வாராய்ச்சிக்குப் பொருளாயிற்று என்பதை எத்தனை வகுப்பறைகள் அறியும்?

இறுதியாகப் பரீட்சையைச் சாட்டாகக் காட்டுவர். சாட்டு உண்மையாயின் திருந்த வேண்டியது பரீட்சையே. ஒவ்வொரு மாதிரியுருவும் எதனை விளக்கியது, எதனை விளக்கத் தவறியது, எச்சான்று அதனை வீழ்த்தியது என்னும் மூன்று வினாக்களையும் வினாத்தாள் கேட்குமாயின் வகுப்பறையும் கேட்கும். வினாத்தாள் திருந்தும்வரை ஆசிரியர் காத்திருக்க வேண்டியதுமில்லை. காரணம் அறிந்த மாணவர் இன்றைய வினாத்தாளிலும் தோற்பதில்லை. பல்கலைக்கழகங்களிலிருந்து பாடசாலைகளுக்குச் செல்லும் பட்டதாரிகள் தாம் மனனஞ் செய்த அதே குறிப்பையே மீண்டும் சொல்லி எழுதுவிப்பாராயின், அவர்தம் பட்டத்தாற் கிராமம் பெற்ற பயன் யாது?