ஆளும் பிழைக்க வேண்டும், காலும் பிழைக்க வேண்டும்!

பள்ளிக்கூடம் போகிற பையன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "வலிக்கிறது, அம்மா!" என்றால் நாம் என்ன சொல்கிறோம்? "எங்கேயாவது விழுந்து தொலைத்திருப்பாய். எண்ணெய் போட்டு உருவினால் சரியாய்ப் போய்விடும்" என்கிறோம். அநேகமாக அப்படியே சரியாகியும் போய்விடும். சரியாகாத அந்த ஒரு வலியைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கனடா தேசத்தில் டெர்ரி ஃபாக்ஸ் என்று ஒரு கல்லூரி மாணவர் இருந்தார். கூடைப்பந்து என்றால் உயிர். 1976 நவம்பரில் அவர் ஓட்டிய கார் இன்னொரு வண்டியோடு மோதியது. பிறகு வலது முழங்காலில் வலி கண்டபோது, 'மோதலில் பட்ட அடிதான்' என்று எண்ணி, பந்தயங்கள் முடியும் வரையில் பொறுத்துக்கொண்டார். 1977 மார்ச்சில் டாக்டரிடம் போனால், எலும்பிலே புற்றுநோய்! 18 வயதில் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பொய்க்காலோடு 1980-ல் 143 நாட்கள் ஓடி, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார் அந்த வீரர். ஆனால் நோய் நுரையீரலுக்குப் பரவி, 1981-ல் காலமானார்.

அடிபட்டதால் இந்த நோய் வருவதில்லை. அடிபட்ட ஞாபகத்தின் பின்னால் அது ஒளிந்துகொள்கிறது, அதுதான் ஆபத்து. வளரும் வயதுப் பிள்ளைகளைத்தான் இது அதிகமாகத் தேடி வருகிறது. அதிலும் முழங்காலை ஒட்டிய எலும்புகளையே பெரும்பாலும் பிடிக்கிறது.

முன்பெல்லாம் காலை எடுத்த பிறகும் பலர் பிழைக்கவில்லை. நோயின் விதைகள் முன்கூட்டியே நுரையீரலுக்குப் போயிருந்ததே காரணம். 1970-களில் அவற்றையும் தேடி அழிக்கும் மருந்துகள் வந்தன. ஸ்கேன் படங்கள் கட்டி எது வரையில் பரவியிருக்கிறது என்று காட்டின. 'கெட்ட எலும்பை மட்டும் எடுத்தால் போதாதா?' என்று டாக்டர்கள் துணிந்தார்கள். தக்கவர்களுக்குச் செய்தால், காலை எடுப்பதற்கும் காப்பதற்கும் பிழைப்பதில் வித்தியாசமில்லை என்று அநுபவத்தில் தெரிந்தது.

சரி, எடுத்த இடத்தில் எதை வைப்பது? உலோகத்தில் எலும்பும் மூட்டும் செய்து பொருத்துவது ஒரு வழி. 'வளருகிற குழந்தைக்கு ஒரு கால் மட்டும் குட்டையாகிவிடுமே!' என்று நீங்கள் கேட்பது நியாயம். அதற்கும் வழி உண்டு. காலைச் சுற்றி மின்காந்த வளையத்தை வைத்தால், கத்தி படாமலே உள்ளேயிருக்கும் உலோகம் நீளுகிறது!

இன்னொரு வழி ஜப்பானில் கனஸாவா நகரத்து டாக்டர்களுடையது. நோயுற்ற எலும்பை வெட்டி எடுத்து, கட்டியைச் சுரண்டிவிட்டு, பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிருள்ள திரவ நைட்ரஜனில் 20 நிமிஷம் முக்குகிறார்கள். புற்றுநோய் அணுக்கள் செத்துப்போகின்றன. பிறகு குளிர் விட வைத்து, அதே எலும்பை அதே இடத்தில் பூட்டிவிடுகிறார்கள். அவரவர் எலும்பே அச்சாகப் பொருந்துகிறது; வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல உயிருள்ள எலும்பு அதற்குள் பரவுகிறது.

எதுவும் குறையற்றதல்ல. உலோகம் நாளடைவில் தளரலாம், பூட்டிய எலும்பு முறியலாம், சீழ் பிடிக்கலாம். முக்கியமான நரம்பையும் ரத்தக் குழாயையும் கட்டி சூழ்ந்துவிட்டால், இன்றும் காலை எடுக்க நேரிடலாம். ஆகவேதான் காலம் கடத்தக் கூடாது என்கிறேன்.

இராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, வாரக்கணக்கில் விடாத வலி, மூட்டருகே வீக்கம் — இவற்றில் ஒன்று இருந்தாலும் உருவவும் வேண்டாம், கட்டுப் போடவும் வேண்டாம். ஒரு எக்ஸ்ரே எடுங்கள். சந்தேகம் வந்தால், சதை எடுத்துச் சோதிப்பதைக்கூட இந்தச் சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே செய்துகொள்ளுங்கள். தப்பான இடத்தில் ஊசி குத்தியதாலேயே காப்பாற்றியிருக்கக் கூடிய காலை இழந்தவர்கள் உண்டு.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நஷ்டம் என்ன? கொஞ்சம் பணமும் ஒரு காலைப் பொழுதும்தான். பையன் மறுபடியும் பந்தாடப் போய்விடுவான்!